நான்கு தடைகள், நடுவில் ஒன்று

நான்கு மின்தடைகளைச் சாய்சதுரமாகக் கோத்து, நடுவில் குறுக்கே கால்வனாமீட்டரை வைத்த படம் பிளஸ் டூ இயற்பியல் படித்த யாருக்கும் மறக்காது. அதுதான் வீட்ஸ்டோன் சமனச்சுற்று. ஆனால் அதை முதலில் வகுத்தவர் இங்கிலாந்தில் ஊல்விச் ராணுவக் கழகத்தில் கணிதம் கற்பித்த சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. ஆண்டு 1833. உலோகங்களின் மின்கடத்தும் திறனை ஒப்பிட அவருக்கு அது தேவைப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1843இல், சார்லஸ் வீட்ஸ்டோன் அதை எடுத்து விளக்கினார். கிறிஸ்டியின் பெயரையும் மறைக்காமல் சொன்னார். இருந்தும் வீட்ஸ்டோன் பெயரே நிலைத்தது. கிறிஸ்டிக்கு இது அநியாயம்தான்.

பிறகு இந்தச் சுற்று தந்திக்காரர்கள் கைக்குப் போனது. கம்பி எங்கே பழுதாகியிருக்கிறது என்பதை, இருந்த இடத்திலிருந்தே தடையை அளந்து கணித்தார்கள்.

தேர்வுத்தாளுக்கு வந்தபோது கேள்வி மாறியது: மொத்தச் சுற்றுக்கும் தொகுபயன் மின்தடை என்ன? மேல்வரிசையில் 10, 20 ஓம். கீழ்வரிசையில் 30, 60 ஓம், நடுவில் கால்வனாமீட்டருக்குப் பதில் இன்னொரு தடை என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு இருபது எப்படியோ, முப்பதுக்கு அறுபதும் அப்படியே. ஆகவே நடுத்தடையின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் சமம்; அதில் மின்னோட்டமே இல்லை. அதைக் கழற்றி எறியலாம்: மேலே 30, கீழே 90, பக்க இணைப்பில் 22.5 ஓம். கழற்றாமல் வெறும் கம்பியால் இணைத்தும் பார்க்கலாம்: 10உம் 30உம் சேர்ந்து 7.5, 20உம் 60உம் சேர்ந்து 15. கூட்டினால் அதே 22.5! இந்த இடத்தை வகுப்பில் அவசரமாகக் கடப்பது பெரிய இழப்பு.

விகிதம் பிசகினால் இந்த வழி உதவாது. தொடரிணைப்பும் இல்லை, பக்க இணைப்பும் இல்லை. அதற்கு 1899இல் ஒரு வழி சொன்னவர் ஆர்தர் கென்னலி. பம்பாய்க் கொலாபாவில் பிறந்து, கடலடித் தந்தித் துறையில் தொழில் பழகியவர். முக்கோணமாக நிற்கும் மூன்று தடைகளை மூன்று கிளை நட்சத்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். முக்கோணத்தில் மூன்றும் 30 ஓம் என்றால் நட்சத்திரத்தின் ஒவ்வொரு கிளையும் 10 ஓம். அதன்பின் பழைய தொடர், பக்கக் கணக்கே போதும்.

இன்று மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசின் அடியிலும் இதே சாய்சதுரம் இருக்கிறது. தட்டு காலியாக இருக்கும்போது சுற்று ஏறக்குறைய சமநிலையில் நிற்கும். பருப்பை வைத்ததும் உலோகத்துண்டு இம்மியளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய தடைகள் நீண்டும் சுருங்கியும் விகிதத்தைக் கலைக்கின்றன. நடுவில் எழும் அந்தச் சிறு மின்னழுத்தத்தைத்தான் தராசு கிராமாக மாற்றிக் காட்டுகிறது.