லாக் ஃபைல்: எழுதிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் கயிற்றில் கட்டிக் கடலில் வீசிய மரக்கட்டைதான் லாக். அந்தக் கணக்கை எழுதிய நோட்டு லாக் புக் ஆனது. கணினி தனக்குள் நடப்பதை எழுதி வைக்கும் கோப்புக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே வித்தியாசம், மாலுமிக்குக் கை வலிக்கும். கணினிக்கு வலிக்காது!

1980களில் பெர்க்லியில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிய எரிக் ஆல்மன், அதற்குத் துணையாக சிஸ்லாக்கையும் எழுதினார். மற்ற மென்பொருள்களும் அதையே பிடித்துக்கொண்டன. அப்போதைய வன்தட்டுகளோ மிகச் சிறியவை. லாக் நிரம்பினால் வந்த மின்னஞ்சலை வைக்கவும் இடமிருக்காது.

எம்.ஐ.டி.யின் அதீனா திட்டத்துக்காக தியடோர் சோ அதே பத்தாண்டின் பிற்பகுதியில் நியூசிஸ்லாக்கை எழுதினார். கோப்பு அளவு மீறினால் அதற்கு 0 என்று எண் போட்டு ஒதுக்கும். பழைய 0, 1 ஆகும்; 1, 2 ஆகும். வரிசையில் கடைசி ஆள் அவுட்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யூனிக்ஸில் கோப்பின் பெயரை மாற்றினாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு அது தெரியாது. பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். கோப்பை அழித்தாலும் அது மூடப்படும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. அதனால் "மூடிவிட்டுப் புதிதாகத் திற" என்று சொல்ல ஒரு சிக்னல் தேவைப்பட்டது. அதற்குப் பயன்பட்டது ஹேங்கப். டெர்மினலின் தொலைபேசி இணைப்பு அறுந்ததைத் தெரிவிக்கப் பிறந்த சிக்னல் அது. பின்னணிச் சேவைகளுக்கு டெர்மினலே கிடையாது என்பதால் சும்மா கிடந்தது.

1990களில் ரெட் ஹாட்டில் எரிக் ட்ரோன் எழுதிய லாக்ரோடேட் இதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. அதன் வழக்கமான அமைப்பு: வாரம் ஒரு சுற்று, 4 பழைய பிரதிகள்.

நான்கு வாரம் போதுமா? 1986ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அதைத் துருவிய கிளிஃபர்ட் ஸ்டோல், ஊடுருவியவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் பிரின்டர் வைத்துத் தாளில் பிடித்தார். ஆள் மேற்கு ஜெர்மனியில் இருப்பது தெரியவே மாதக்கணக்காயிற்று. நான்கு வாரத்தில் அழியும் லாக்கை நம்பியிருந்தால் அந்த வழக்கு எங்கே போயிருக்கும்?

இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கச் சொல்கிறது. வாரச் சுற்று என்றால் 4 இருந்த இடத்தில் 26 என்று எழுத வேண்டும். நல்லவேளை, லாக் வெறும் எழுத்துதான். ஜிசிப்பில் அமுக்கினால் நன்றாகச் சுருங்கும்.