என்பிஏ வாசல் வரை போன முதல் இந்தியர்... சத்னாம் சிங்குக்கு அப்புறம் என்ன ஆச்சு?

புதுச்சேரியில் இருந்து ஈசிஆரில் மரக்காணம் நோக்கிப் போனால் கொஞ்ச தூரத்தில் பொம்மையார்பாளையம் வந்துவிடும். இந்தக் கடலோர ஊர்களில் சாயங்காலம் ஆனால் வாலிபால், கிரிக்கெட்தான். ஆனாலும் ஊரில் ஒரு பையன் மற்றவர்களை விட ஓவராக வளர்ந்துவிட்டால், "நீ பாஸ்கெட்பால் ஆடலாமேப்பா" என்று யாராவது ஒருத்தர் சொல்லத்தான் செய்வார். அந்த யோசனை ஒரு இந்தியரை எவ்வளவு தூரம் கொண்டுபோனது, எங்கே நிறுத்தியது?

யார் இந்த சத்னாம் சிங்?

பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் உள்ள பல்லோ கே என்ற குட்டி கிராமம். 1995-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் ஏழடி உயரக்காரர்தான். மகன் வளர்ந்து நின்றது 7 அடி 2 அங்குலம். லூதியானா கூடைப்பந்து அகாடமியில் பயிற்சி பெற்றவருக்கு, 2010-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. வயது 14. ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது.

2015 ஜூன் 25-ம் தேதி நடந்த என்பிஏ டிராஃப்டில், டல்லஸ் மேவரிக்ஸ் அணி 52-வது தேர்வாக அவர் பெயரை அறிவித்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் டிராஃப்டில் தேர்வானது அதுவே முதல்முறை. அடுத்த வருஷமே 'ஒன் இன் எ பில்லியன்' என்று ஆவணப்படமும் வந்தது.

தேர்வானார் சரி, ஏன் ஆடவில்லை?

பலருக்கும் இங்கேதான் குழப்பம். டிராஃப்டில் பெயர் வந்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த வருஷம் மொத்தம் 60 பேர் தேர்வு செய்யப்பட்டனர். முதல் சுற்றில் வரும் 30 பேருக்குத்தான் சம்பளம் உறுதி. இரண்டாவது சுற்றுக்காரர்களை அணி ஒப்பந்தம் செய்யலாம், செய்யாமலும் விடலாம். 30 அணிகள், அணிக்கு 15 பேர் என்றால் உலகம் முழுக்க இருந்து வருபவர்களுக்கு சுமார் 450 இடங்கள். ஒவ்வொரு வருஷமும் புது ஆட்கள் வேறு.

இடம் கிடைக்காத அமெரிக்க வீரர்களே ஐரோப்பா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று பெட்டியைக் கட்டுவது சகஜம். அங்கே ஆடித்தான் பலர் குடும்பத்தை நடத்துகிறார்கள்.

சத்னாமுக்கு நேரமும் சரியில்லை. வளையத்துக்குக் கீழே நின்று ஆடும் உயரமான சென்டர் வீரர்களுக்கு மவுசு குறைந்து, தூரத்தில் இருந்து மூன்று புள்ளி எறிபவர்களின் காலம் தொடங்கியிருந்தது. ஓடி ஓடி ஆடும் வேகத்துக்கு 7 அடி 2 அங்குல உடம்பு ஈடுகொடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மேவரிக்ஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் இருந்தார். களத்தில் கிடைத்த நிமிடங்கள் குறைவு. என்பிஏ-வில் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை.

கனடா, தடை, மல்யுத்தம்

2018-ல் இந்திய அணிக்காக கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஆடினார். அதே வருஷம் கனடா லீக்கில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணி அவரை எடுத்தது. 2019 நவம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி முகாமில் எடுத்த ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார். 2020 இறுதியில் இரண்டு ஆண்டு தடை உறுதியானது. 24, 25 வயது என்பது கூடைப்பந்து வீரருக்கு உச்ச காலம். அந்த வருஷங்கள் அப்படியே போய்விட்டன.

2021-ல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான ஏஇடபிள்யூ அவரை ஒப்பந்தம் செய்தது. 2022 ஏப்ரலில் டிவியில் அறிமுகமானார். உயரம் கடைசியில் அங்கே வேலைக்கு ஆனது!

வேறு யாராவது?

கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி சிம் புல்லர் 2015-ல் சாக்ரமெண்டோ கிங்ஸுக்காக களமிறங்கினார். மூன்றே மேட்ச். பிறகு தைவானில்தான் நிலையாக ஆட முடிந்தது. பஞ்சாபின் பிரின்ஸ்பால் சிங் ஜி லீக் வரை போனார்.

தமிழ்நாட்டில் கதை வேறு. இந்தியாவில் 2015-ல் தொடங்கிய யுபிஏ தொழில்முறை லீக் 2017-லேயே நின்றுபோனது. அதனால் சென்னையில் பாஸ்கெட்பால் ஆடும் பிள்ளைகளின் வீட்டில், "ஐஓபி, ரயில்வே, ஐசிஎஃப்... ஏதாவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. 19 வயதில் இந்திய மகளிர் அணி கேப்டனாகி, 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னை அனிதா பால்துரைக்கும் சோறு போட்டது தெற்கு ரயில்வே வேலைதான்.