மருந்தில்லாத் துப்பாக்கி

1803 ஆகஸ்ட் மாத இறுதி. முற்பகல் 11 மணிக்குப் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஒஹாயோ ஆற்றில் ஒரு படகு புறப்படுகிறது. அதன் தலைவர் 29 வயதான கேப்டன் மெரிவெதர் லூயிஸ். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் ஆணைப்படி, கண்டத்தைக் கடந்து பசிபிக் கரைக்கு வழி காணக் கிளம்பியவர். மூன்று மைல் சென்றதும் புரூனோ தீவில் படகு சற்று நிற்கிறது. அங்கிருந்த கனவான்கள் சிலர், லூயிஸ் வாங்கி வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டும்படி கேட்கிறார்கள். அவர் அதைக் கரைக்குக் கொண்டுவந்து காற்றேற்றி, 55 கஜத் தொலைவிலிருந்த இலக்கை நோக்கி ஏழு முறை சுடுகிறார். குறி ஓரளவு நன்றாகவே அமைகிறது. பிறகு துப்பாக்கி பிளேஸ் செனாஸ் என்பவர் கைக்குப் போகிறது. அது எதிர்பாராமல் வெடிக்க, சுமார் 40 கஜம் தள்ளி நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்த குண்டு அவர் நெற்றிப்பொட்டைக் கீறிச் செல்கிறது. பெண் கீழே விழுகிறார், குருதி பீறிடுகிறது. இறந்துவிட்டார் என்றே எல்லோரும் கலங்குகிறார்கள். ஒரு நிமிடத்தில் அவருக்கு நினைவு திரும்புகிறது. காயம் உயிருக்கு ஆபத்தானதன்று என்று தெரிந்ததும் படகு மேலே செல்கிறது.

லூயிஸ் - கிளார்க் பயணம் என்று உலகம் அறிந்த அந்த நெடும்பயணத்தின் நாட்குறிப்பு இந்த நிகழ்ச்சியோடுதான் தொடங்குகிறது. நண்பர்களுக்கு ஆற்றல்மிக்க காற்றுத் துப்பாக்கி ஒன்றை அறிமுகம் செய்த நிகழ்வு குறித்து எஞ்சியுள்ள பதிவுகளில் இதுவே மிகப் புகழ்பெற்றதாக இருக்கக்கூடும்.

அந்தப் பதிவின் வாக்கிய அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. லூயிஸ் துப்பாக்கியைப் பெண்பாலில் குறிக்கிறார். அந்தத் துப்பாக்கியைக் கையாளும் முறை செனாஸுக்குத் தெரியாது என்கிறார். அதனால் அவர் அவளைத் தன்னைத்தானே வெடித்துக்கொள்ள விட்டுவிட்டார் என்னும் பொருள்பட எழுதுகிறார். வெடித்தவள் துப்பாக்கி, விட்டவர் செனாஸ். தான் ஏழு முறை சுட்டதைத் தன்மையில் எழுதியவர், துப்பாக்கியைச் செனாஸ் கையில் கொடுத்தது யார், கொடுக்கும்போது என்ன சொல்லப்பட்டது என்பதை எழுதவில்லை. கையாளத் தெரியாதவர் என்று அறிந்தே கொடுத்தாரா, வெடித்தபின் அறிந்தாரா என்பதற்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. குண்டடிபட்ட பெண்ணுக்குப் பெயரே இல்லை. தமிழ் நாளிதழ்களும் இதே இலக்கணத்தைத்தான் கையாள்கின்றன. துப்பாக்கி ‘தவறுதலாக வெடித்தது’ என்று எழுதுகையில் வெடித்தல் தன்வினையாகி, கைக்குரியவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார். லூயிஸைப் பொய்யர் என்று சொல்வதற்கில்லை. எனினும் பொறுப்பு எந்த இடத்தில் காணாமற்போகிறது என்பதை அந்த வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காற்றுத் துப்பாக்கி என்றதும் திருவிழாக் கடையில் பலூன் உடைக்கும் பொருள்தான் பலர் நினைவுக்கு வரும். லூயிஸிடம் இருந்தது அந்த இனமன்று. பிலடெல்பியாவின் ஐசையா லூக்கன்ஸ் செய்த, ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டும் இடக்கூடிய துப்பாக்கி அது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அந்தக் கருத்தை அசைத்தது வேறொருவரின் நாட்குறிப்பு. 1803 செப்டம்பரில் வீலிங் என்னும் ஊரில் லூயிஸைச் சந்தித்த நீதிபதி தாமஸ் ராட்னி, அந்தத் துப்பாக்கி நிமிடத்துக்கு 22 முறை சுடவல்லது என்றும், குண்டுகள் எல்லாம் பக்கவாட்டுக் குழலொன்றில் ஒருசேர இடப்படுகின்றன என்றும் எழுதி வைத்திருக்கிறார். இந்த வருணனை ஜிரண்டோனி வகைத் துப்பாக்கிக்கே பொருந்தும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள ஆம்பெட்சோவைச் சேர்ந்த பார்த்தலோமேயுஸ் ஜிரண்டோனி வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்டது. ஜெர்மன் மொழியில் இத்தகைய துப்பாக்கிக்கு ‘விண்ட்பியூக்ஸ’, அதாவது காற்றுத் துப்பாக்கி என்றே பெயர். தோளில் அணைக்கும் பின்கட்டைதான் காற்றுக் கலன், இரும்பால் ஆனது, கழற்றி மாட்டக்கூடியது. அதை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அழுத்த வேண்டும். உள்ளே சேரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50 மடங்குக்கு மேல். குழலின் விட்டம் சுமார் 11.75 மில்லிமீட்டர், பக்கக் குழலில் 20 குண்டுகள். துப்பாக்கியைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, குறுக்குக் கட்டையை விரலால் தள்ளினால் அடுத்த குண்டு தன் எடையாலேயே உருண்டு வந்து அமரும். வழக்கமான துப்பாக்கி ஏந்திய வீரர் ஒருவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே தேர்ந்தவர் எனப்பட்ட காலம் அது.

அந்த ஈயக்குண்டின் எடை 10 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். வேகத்தை நொடிக்கு 150 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆற்றல் 100 ஜூலைத் தாண்டுகிறது. ஒலிம்பிக் காற்றுத் துப்பாக்கியின் ஆற்றல் 7 அல்லது 8 ஜூல் அளவில் நிற்கிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுப் படைக்கல விதிகள் 20 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டும் என்கின்றன. புரூனோ தீவில் கைமாறியது அந்த வரம்பைப் பல மடங்கு கடந்த ஒன்று.

இவ்வளவு திறன் இருந்தும் ஆஸ்திரியப் படை அதைக் கைவிட்டது. கலன்கள் எளிதில் பழுதாகின, காற்றுக் கசிந்தது, நிரப்புவதற்குக் காலமும் உடலுழைப்பும் வேண்டியிருந்தன. அனைத்தினும் மேலாக, பயிற்சி இல்லாதவர் கையில் கொடுக்க முடியாத கருவியாக அது இருந்தது. அக்காலத்து எளிய சிப்பாய் தன் துப்பாக்கியைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்திருந்தான். கிண்ணியில் மருந்து இருக்கிறதா, கல் பொருந்தியிருக்கிறதா, புகை எழுந்ததா என்று பார்த்தால் போதும். ஒருமுறை சுட்டுவிட்டால் மீண்டும் மருந்தும் குண்டும் கெட்டிக்கும்வரை அது வெறும் கட்டை. காற்றுத் துப்பாக்கியில் இந்த அடையாளங்கள் எவையும் இல்லை. கலன் நிறைந்திருப்பதும் வெறுமையாய் இருப்பதும் பார்வைக்கு ஒன்றே. ஏழு முறை சுட்ட பிறகும் உள்ளே குண்டுகள் மிச்சமிருக்கும். செனாஸ் துப்பாக்கியே அறியாதவர் என்று கொள்ள வேண்டியதில்லை. அன்று எல்லோரும் அறிந்திருந்த துப்பாக்கிப் பழக்கமே இந்தப் புதிய கருவியிடம் பயனற்றுப் போயிருக்கும்.

அடையாளமின்மை என்னும் இந்தப் பண்பையே லூயிஸ் பின்னர் ஓர் உத்தியாக மாற்றிக்கொண்டார். 1804 ஆகஸ்டில் ஓட்டோ, மிசூரியா மக்களுடன் நடந்த முதல் பேரவையிலும், அதே மாத இறுதியில் யாங்டன் சூ மக்கள் முன்னிலையிலும், அக்டோபரில் மாண்டன் ஊர்களிலும் காற்றுத் துப்பாக்கி சுட்டுக் காட்டப்பட்டது. பேச்சு, பரிசுப் பொருள்கள், பதக்கங்கள், பிறகு துப்பாக்கி என்று அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. குழுவினர் நாற்பது பேர் அளவிலேயே இருந்தார்கள். எதிரே இருந்தவர்களோ பன்மடங்கு. இத்தகைய துப்பாக்கி குழுவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது; அதைப் பார்த்தவர்களுக்குத் தெரிவிக்க எவருக்கும் அவசரமில்லை. இங்கே துப்பாக்கி எவர் கைக்கும் மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிட்ஸ்பர்க் கனவான்களுக்கு அது பகிர்ந்து மகிழ வேண்டிய வேடிக்கை; மிசூரி ஆற்றங்கரை மக்களுக்கு அது தள்ளி நின்று வியக்க வேண்டிய காட்சி.

1805 ஆகஸ்ட் 17 அன்று ஷோஷோனி மக்களிடையே அதைச் சுட்டபோது, எவ்வகையிலும் விளங்கிக்கொள்ள முடியாத அந்தப் பொருளுக்கு அவர்கள் உடனே ‘பெருமருந்து’ என்று பெயரிட்டதாக லூயிஸ் எழுதுகிறார். மறுஆண்டு ஜனவரியில் பசிபிக் கரையோரக் கிளாட்சாப் மக்களைப் பற்றியும் ஏறக்குறைய இதையே எழுதி, தமக்கு விளங்காத அனைத்தையும் அவர்கள் இந்தச் சொல்லுக்குள் அடக்குவதாகச் சேர்த்துக்கொள்கிறார். இந்தப் பெயரை அப்படியே ஷோஷோனியர் வாய்ச்சொல்லாகக் கொள்ளத் தயங்க வேண்டும். அந்த முகாமில் பேச்சு ஷோஷோனியிலிருந்து சகாகவியா வழியே ஹிடாட்சாவுக்கும், அங்கிருந்து அவர் கணவர் ஷார்போனோ வழியே பிரெஞ்சுக்கும், பின் ஆங்கிலத்துக்கும் தாவியது. அந்தப் படிகளில் எங்கே எந்தச் சொல் உருமாறியது என்று எவர் சொல்லக்கூடும்? ‘மருந்து’ என்பது தோல் வணிகர்களின் நாவில் ஏற்கெனவே புழங்கிய சொல். புனிதம், வல்லமை, மறைபொருள் அனைத்துக்கும் ஐரோப்பியர் அந்த ஒரே சொல்லைப் போட்டு நிரப்பினார்கள்.

இந்திய மொழிகளில் வாழ்வோருக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு. தமிழில் மருந்து நோய்க்கும் ஆகும், வெடிக்கும் ஆகும். நோய் மருந்தைக் குறித்த பாரசீகச் சொல்லான ‘தாரூ’ மராத்திக்கு வந்து மதுவையும் வெடிமருந்தையும் குறிக்கலாயிற்று. மருந்தே தேவைப்படாத துப்பாக்கி ஒன்று பெருமருந்தாகிப்போன விந்தையை ஆங்கிலத்தில் படிப்பவர் காண வழியில்லை.

1806 ஆகஸ்ட் 11 அன்று, திரும்பும் வழியில், புதரில் எல்க் மான் வேட்டையாடிய லூயிஸைத் தோல் ஆடையின் நிறத்தால் மானென்று மயங்கிப் பார்வை குன்றிய பியர் குருசாட் சுட்டுவிட்டார். குண்டு தொடையின் மேற்பகுதியைத் துளைத்தது. பகைவர் தாக்குதல் என்றெண்ணிய லூயிஸ் படகுக்குத் திரும்பி, கைத்துப்பாக்கி, ரைஃபிள், காற்றுத் துப்பாக்கி மூன்றையும் ஆயத்தம் செய்துகொண்டு இறுதிவரை போராடக் காத்திருந்தார். காட்சிப்பொருளாகவே இருந்துவந்த அந்தத் துப்பாக்கி, போர்க்கருவியாகக் கையில் எடுக்கப்பட்ட அரிய தருணங்களுள் இது ஒன்று. இந்தப் பதிவில் சுட்டவரின் பெயர் இருக்கிறது, அவர் பார்வைக் குறை இருக்கிறது, மறுத்துப் பேசியது இருக்கிறது. அடிபட்டவர் எழுதும்போது வாக்கியத்தில் எழுவாய் தவறுவதில்லை.

பின்வந்த காலத்தில் காற்றுத் துப்பாக்கி இரு வழியாகப் பிரிந்தது. கதைகளில் அது சந்தடியற்ற கொலைக்கருவியாயிற்று. 1903 இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையொன்றில் இந்தியாவில் புலி வேட்டையாடிய கர்னல் மோரன் ஏந்துவது அதைத்தான். விளையாட்டில் அது ஆற்றல் குறைந்து நுட்பம் கூடியது. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைஃபிள் இடம்பெற்றது. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும் அதே பிரிவில்தான். ஜிரண்டோனியின் கலன் முறையும் மறையவில்லை. முன்கூட்டியே 200 பார், அதற்கும் மேல் என்று காற்று அடைத்த இன்றைய ஆற்றல்மிகு துப்பாக்கிகள் அதே கருத்தின் வழித்தோன்றல்கள். கைப்பம்பின் இடத்தை முக்குளிப்பவர் முதுகில் சுமக்கும் உருளை எடுத்துக்கொண்டிருக்கிறது.

துப்பாக்கி சுடு களங்களில் புதிதாக வருபவர் கையில் துப்பாக்கி உடனே தரப்படுவதில்லை. குழல்முனை எப்போதும் இலக்கின் பக்கம், விரல் விசைக்கு வெளியே, களத்தின் முன்னே எவருமில்லை என்ற அறிவிப்பு ஆகியவை முதலில் வருகின்றன. சர்வதேசப் போட்டிகளில் சுடாதிருக்கும் காற்றுத் துப்பாக்கியின் குழலுக்குள் பளிச்சென்ற நிறமுடைய பாதுகாப்பு நாண் ஒன்று நுழைக்கப்பட்டிருக்க வேண்டும். அது குழலின் முழு நீளத்துக்கும் ஓடி, இரு முனையிலும் வெளியே தெரிய வேண்டும் என்பது விதி. உள்ளே குண்டு இருந்தால் நாண் நுழையாது. பத்தடி தள்ளி நிற்பவரும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

புரூனோ தீவில் 40 கஜத் தொலைவில் நின்றவருக்கு அப்படிப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. அவர் யார், அந்தத் தழும்போடு எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பது நாட்குறிப்பில் இல்லை. அடுத்த வரியில் லூயிஸ் ஆட்களைப் படகில் ஏறச் சொல்கிறார். அன்றைய கவலை ஆற்றில் நீர் வற்றியிருந்ததைப் பற்றியதாக மாறிவிடுகிறது.