செங்கல் சூளையிலிருந்து சென்ட்ரல் வரை: பிரிக்பீல்ட்ஸும் அதன் மக்களும்

கோலாலம்பூர் மாநகரின் மையப் பகுதிக்குத் தென்மேற்கே, கிள்ளான் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது பிரிக்பீல்ட்ஸ். தீபாவளி நெருங்கினால் சேலைக்கும் பலகாரத்துக்கும் பூமாலைக்கும் நாட்டின் பல இடங்களிலிருந்து தமிழர்கள் தேடி வரும் வட்டாரம் இது. இன்று 'லிட்டில் இந்தியா' என்று அறியப்பட்டாலும், இதன் வரலாறு தொடங்கியது கடைத்தெருவில் அன்று. செங்கல் சூளையிலும் தண்டவாளத்திலும்தான்.

பெயர் வந்த கதை

1881-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குப் பெருந்துயர் தந்த ஆண்டு. தொடக்கத்தில் தீயும் இறுதியில் வெள்ளமும் அந்தச் சிறு நகரைச் சீரழித்தன. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்ட வீடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் என்று வலியுறுத்தினார். அதற்குத் தேவையான செங்கல், களிமண் வளம் கொண்ட இப்பகுதியில் சுடப்பட்டது. சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் இங்குச் சூளை அமைத்தார். செங்கல் அறுத்த நிலம் என்பதே பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரானது.

இரயில்வே கொண்டு வந்த மக்கள்

1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேயின் முக்கியத் தளமாக வளர்ந்தது. செந்தூலைப் போலவே இதுவும் இரயில்வே ஊழியர்களின் ஊரானது.

தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியில் அமர்ந்தனர். மலையாளிகள், தெலுங்கர், சிங்களவர், சீனர் எனப் பலரும் அவர்களுக்குப் பக்கத்திலேயே குடியேறினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசுப் பணியாளர்களுக்காக ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் பகுதியில் வரிசை வீடுகள் கட்டப்பட்டன. 'நூறு குவாட்டர்ஸ்' என்று அழைக்கப்பட்ட அந்த வீடுகளில் பல இனக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன.

கோயில்களின் தெரு

ஒவ்வொரு சமூகமும் தன் சம்பளத்திலிருந்து சேர்த்த பணத்தில் வழிபாட்டுத் தலத்தை எழுப்பியது. ஜாலான் ஸ்காட்டில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் நூறாண்டைக் கடந்தது. நல்லூர்க் கந்தனை மனத்தில் கொண்டு யாழ்ப்பாணத் தமிழர்கள் அமைத்த இக்கோயிலை இலங்கைச் சைவர்களின் சங்கம் நிர்வகித்து வருகிறது. அதே சாலையில் வீர அனுமான் கோயிலும் உண்டு.

சிங்களப் பௌத்தர்கள் 1894-இல் தொடங்கிய சங்கத்தின் வழி உருவானது பௌத்த மகா விகாரை. 1952-இல் இலங்கையிலிருந்து வந்த கே. ஸ்ரீ தம்மானந்த தேரர், 2006-இல் மறையும் வரை அங்கிருந்தே பணியாற்றினார். வெசாக் ஊர்வலம் இந்த விகாரையிலிருந்து புறப்படும். விகாரை அமைந்துள்ள ஜாலான் பெர்ஹாலாவின் பெயரிலேயே 'தெய்வச் சிலை' என்ற பொருள் உண்டு.

ஜாலான் தம்பிப்பிள்ளையில் சீனர்களின் மும்மதக் கோயில் உள்ளது. கத்தோலிக்கர்களுக்கு ஹோலி ரோசரி, பாத்திமா மாதா தேவாலயங்கள் உண்டு. தமிழ்நாட்டுத் திருச்சபையின் பணியிலிருந்து வளர்ந்த மலேசிய லுத்தரன் திருச்சபையின் தலைமையகமும் இங்குதான். மலையாளக் கிறிஸ்தவர்களின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் இந்திய முஸ்லிம்களின் சூராவும் இங்கு உள்ளன.

பார்வையற்றோரின் வட்டாரமாகவும் பிரிக்பீல்ட்ஸ் அறியப்படுகிறது. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கு இருப்பதால், நடைபாதைகளில் காலால் உணர்ந்து நடக்கத்தக்க மேடுபள்ளக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களும் இங்குண்டு.

குவாட்டர்ஸ் போயின, கோயில்கள் நின்றன

2001-இல் பழைய இரயில்வே தளம் இருந்த நிலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி ஹோட்டல்களும் அலுவலகங்களும் பேரங்காடியும் எழுந்தன. நிலத்தின் மதிப்பு உயர உயர, பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நூறு குவாட்டர்ஸும் இடிக்கப்பட்டது.

அங்கு வாழ்ந்தவர்களுக்கு அந்த வீடுகள் சொந்தமல்ல. வேலையோடு வந்தவை, வேலையோடு போயின. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிய கதையன்று. தோட்டம் விற்கப்பட்டபோது லயத்து வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்ட பாட்டைத்தான் நகரத்து இரயில்வே குடும்பங்களும் பட்டன. கிராணியின் வீடும் கூலித் தொழிலாளியின் வீடும் இந்த ஒன்றில் வேறுபடவில்லை.

இந்த வட்டாரத்தின் முதன்மைச் சாலை துன் வீ.தி. சம்பந்தன் பெயரைத் தாங்கியுள்ளது. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது அச்சங்கம்.

பிரிக்பீல்ட்ஸில் எஞ்சி நிற்பவற்றைப் பார்த்தால் அந்த வழியின் பயன் புரியும். தனித்தனிக் குடும்பங்கள் வாழ்ந்த அரசு வீடுகள் இல்லை. சங்கமாகக் கூடி வாங்கிய, கட்டிய கோயில்களும் விகாரையும் தேவாலயங்களும் இருக்கின்றன.

ஆனாலும் அவையும் தாமாகக் காப்பாற்றப்படுவதில்லை. 1904-இல் உருவான விவேகானந்தர் ஆசிரமத்தின் வளாகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் 2014-இல் தெரியவந்தபோது பொதுமக்கள் கடுமையாக எதிர்த்தனர். நிலம் அறங்காவலர்களின் பொறுப்பில் உள்ளது என்பது ஒரு பக்க வாதம். சமூகத்தின் நன்கொடையில் உருவான இடம் என்பது மறுபக்க வாதம். பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது.

லிட்டில் இந்தியா

2010 அக்டோபரில் அன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தனர். 2015-இல் இந்தியா அன்பளிப்பாக வழங்கிய, சாஞ்சி ஸ்தூபியின் தோரண வாயிலை ஒத்த நுழைவாயில் பிரதமர் நரேந்திர மோடியின் வருகையின்போது திறக்கப்பட்டது.

வண்ண வளைவுகள் வணிகத்துக்கு உதவின. ஆனால் இங்குக் கடை வைத்திருப்போரும் வாங்க வருவோரும் பெரும்பாலும் வேறு இடங்களில் குடியிருப்பவர்கள். இங்குப் பிறந்து வளர்ந்த பலர் கிள்ளான், சுபாங், பூச்சோங் என்று சிதறிவிட்டனர். திருவிழா, திருமணம் என்று வரும்போது அவர்கள் திரும்பி வருவது பழைய வீட்டுக்கு அல்ல, கோயிலுக்குத்தான்.

சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஜாலான் ஸ்காட் நடந்து போகும் தூரம்தான். அடுத்த முறை தீபாவளிச் சாமான் வாங்க வருவோர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். தாத்தாவோ பாட்டியோ அங்கு வாழ்ந்திருந்தால், எந்த வரிசை, எந்த வீடு என்று இப்போதே கேட்டு எழுதி வைப்பது நல்லது. இடிந்த வீடுகளின் கதை இனி அவர்களிடம் மட்டுமே இருக்கிறது.