யாரும் கேட்காமல் விட்ட கேள்வி: டவுன் சிண்ட்ரோம் ஆய்வுகளின் வரலாறு



டவுன் சிண்ட்ரோமுடன் ஒரு குழந்தை பிறந்ததும் சுற்றத்தார் எழுப்பும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘ஏன் இப்படி ஆயிற்று?’ என்பதே. கர்ப்பக் காலத்தில் தாய் எதை உண்டாள், எதைக் கண்டு அஞ்சினாள், கிரகணத்தன்று வெளியே வந்தாளா, சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்த வினையா என்று விசாரணை நீள்கிறது. நம் வீடுகளில் மட்டும் நிகழ்வதன்று இது. மருத்துவ உலகமும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இக்கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தது. ‘இவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள்? இவர்களுடைய குடும்பங்கள் என்ன சொல்கின்றன?’ என்ற கேள்வி மிகப் பிந்தியே எழுந்தது. அது எழுந்த வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

பெயர் வந்த வழி

‘டவுன்’ என்பது ஒரு மருத்துவரின் குடும்பப் பெயர். தாழ்வு, குறைவு என்னும் பொருள் அதற்கு இங்கில்லை. ஜான் லாங்டன் டவுன் 1858இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலிருந்த எர்ல்ஸ்வுட் காப்பகத்தின் மருத்துவக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். அங்கிருந்தோரை அளந்தார், ஒளிப்படம் எடுத்தார், குறிப்பெழுதினார். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போன்ற முகச்சாயல் கொண்ட ஒரு பிரிவினரை 1866இல் வெளியிட்ட கட்டுரையில் தனித்து அடையாளம் காட்டினார். அக்காலத்து இனக் கோட்பாட்டின் வழிநின்று, அவர்களை மங்கோலியருடன் ஒப்பிட்டார். அந்தத் தவறான பெயர் நூறாண்டு நிலைத்துவிட்டது.

ஆயினும் அதே கட்டுரையில் அவர் எழுதிய வேறொரு செய்தியை உலகம் மறந்துவிட்டது. இவர்கள் பிறரைப் பார்த்துச் செய்வதில் வல்லவர்கள் என்றும், முறையான நாப்பயிற்சியால் இவர்களது பேச்சைப் பெரிதும் திருத்த இயலும் என்றும் அவர் பதிவு செய்திருந்தார். 1868இல் தம் மனைவி மேரியுடன் லண்டனை அடுத்த டெடிங்டனில் நார்மன்ஸ்ஃபீல்டு என்னும் இல்லத்தைத் தொடங்கி, பயிற்சி அளிக்கவும் செய்தார். அவர் 1896இல் இறந்தார். 1905இல் அவருடைய பேரர்களில் ஒருவர் இதே நிலையுடன் பிறந்தார். பாட்டனாரின் பெயரையே தாங்கிய அவர், 1970இல் இறக்கும்வரை நார்மன்ஸ்ஃபீல்டிலேயே வாழ்ந்தார்.

1961இல் 19 அறிஞர்கள் ‘லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதி, பழைய பெயரைக் கைவிடுமாறு வேண்டினர். 1965இல் மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகளின் வேண்டுகோளை ஏற்று உலகச் சுகாதார நிறுவனமும் அச்சொல்லை விலக்கியது.

பழி சுமந்த தாய்மார்

இந்நிலைக்குக் காரணம் பெற்றோரின் காசநோய் என்று லாங்டன் டவுன் எண்ணினார். பின்வந்தோர் குடிப்பழக்கத்தையும் பால்வினை நோயையும் காரணம் காட்டினர். குழந்தையைப் பெற்றவள் துயரத்தோடு பழியையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது.

1933இல் லயனல் பென்ரோஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், தந்தையின் வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை, தாயின் வயது கூடும்போதே வாய்ப்புக் கூடுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். உண்மைக் காரணம் பாரிஸ் நகரில் வெளிப்பட்டது. மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர் வளர்த்தெடுத்த உயிரணுக்களில் 46க்குப் பதிலாக 47 குரோமோசோம்கள் இருந்தன. ஜெரோம் லெஜூன், கோத்தியே, ரேமோன் துர்பான் ஆகிய மூவர் பெயரில் 1959இல் அது வெளியாயிற்று. கூடுதலாக இருந்தது 21ஆம் குரோமோசோம்.

இந்நிலையுடையோரில் சுமார் 95 விழுக்காட்டினரிடம், கருவணு உருவாகும்போது குரோமோசோம் இணை பிரியாமல் போவதே காரணம். தாய் உண்டதோ, அஞ்சியதோ, வெயிலில் நடந்ததோ அதைத் தோற்றுவிப்பதில்லை. உறவுக்குள் மணம் முடிப்பது வேறு சில பரம்பரை நோய்களுக்கு வழிவகுக்கலாம். இணை பிரியாமல் போகும் இந்நிகழ்வுக்கு அது காரணமன்று. எஞ்சிய சிறு பகுதியினரில் சிலருக்கு மட்டுமே பெற்றோர் வழியாக இது வருகிறது; அதனைக் குரோமோசோம் பரிசோதனை தெளிவாக்கிவிடும். ஆகவே, ஈன்றவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சுக்கு அறிவியலில் ஆதாரமில்லை. மார்க்கத்திலும் இல்லை.

ஆயுளைத் தீர்மானித்தது எது?

1929ஆம் ஆண்டளவில் இவர்களின் சராசரி ஆயுள் 9 வயது எனக் கணக்கிட்டனர். 1949இல் அது 12. இயற்கையிலேயே இவர்கள் நெடுநாள் வாழார் என்று பலரும் நம்பினர். பெற்ற குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அதை மறந்து வேறு குழந்தை பெற்றுக்கொள்ளுமாறு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்களே அறிவுறுத்தினர். நெரிசல் மிக்க அவ்விடுதிகளில் தொற்றுநோய் பரவியது. பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை உண்டு. ஆயினும் அறுவை சிகிச்சை பலருக்கும் மறுக்கப்பட்டது. நாஜி ஜெர்மனியிலோ 1939 ஆகஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பதிவு செய்யுமாறு மருத்துவர்களுக்கும் பேறுகாலத் தாதியருக்கும் ஆணை பிறந்தது. அப்பட்டியல் கொலையில் முடிந்தது.

இங்கிலாந்தில் இக்குழந்தைகள் கல்வி பெறத் தகுதியற்றவர்கள் என்னும் நிலையை 1970ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது; 1971 முதல் பள்ளிக் கதவுகள் திறந்தன. அமெரிக்காவில் 1975இல் அத்தகைய சட்டம் வந்தது. விடுதிகள் மூடப்பட்டன; இதய சிகிச்சை பரவலாயிற்று. அமெரிக்க இறப்புச் சான்றிதழ்களை ஆராய்ந்தபோது, இறப்பின் நடு வயது 1983இல் 25 ஆக இருந்தது 1997இல் 49 ஆக உயர்ந்திருந்தது. இன்று வளர்ந்த நாடுகளில் அறுபது வயதை எட்டுவது இயல்பாகிவிட்டது.

பதினான்கே ஆண்டுகளில் குரோமோசோம் மாறிவிடவில்லை. மாறியவை வளர்ப்பும் மருத்துவமும்தான். அதே அமெரிக்க ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று: 1997இல் வெள்ளையரிடையே அந்நடு வயது 50, கறுப்பினத்தவரிடையே 25, பிற இனத்தவரிடையே 11. உடலின் நிலை ஒன்றுதான். ஆயுளில் இத்தனை வேறுபாடு சமூகத்தின் கையால் நேர்ந்தது.

குடும்பங்களிடம் கேட்டபோது

1967இல் இங்கிலாந்தில் நைஜல் ஹன்ட் என்னும் இளைஞர் தம் வாழ்வைப் பற்றித் தாமே தட்டச்சு செய்த நூல் வெளிவந்தது. டவுன் சிண்ட்ரோம் உடைய ஒருவர் எழுதிய முதல் நூல் அதுவே எனப் போற்றுவர். எழுதப் படிக்க இயலாதவர்கள் என்று முடிவு கட்டியிருந்தோருக்கு அது நல்ல பதிலாயிற்று.

1973 முதல் மான்செஸ்டரில் கிளிஃப் கன்னிங்ஹாம் என்னும் ஆய்வாளர், இக்குழந்தைகள் பிறந்த வீடுகளுக்கே சென்று, அவர்கள் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தார். பெரும்பாலான குடும்பங்கள் பிற குடும்பங்களைப் போன்றே இன்பமும் துன்பமும் கலந்து வாழ்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. செய்தியைச் சொல்லும் விதம் குறித்தும் அவர் குழு ஆராய்ந்தது. தாயும் தந்தையும் சேர்ந்திருக்கையில், தனியிடத்தில், குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு, தாமதமின்றிச் சொல்லி, பின்னரும் துணை நின்றபோது பெற்றோர் மனக்குறையின்றி ஏற்றனர். முதற்சொல்லின் கனம் ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது.

மணமுறிவு பெருகும் என்ற அச்சமும் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 647 குடும்பங்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, இக்குடும்பங்களில் மணமுறிவு பிற குடும்பங்களைவிடக் குறைவு எனக் கண்டது. ஆனால் பிரிந்தவர்களில் கணிசமானோர் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே பிரிந்திருந்தனர். தொடக்க நாள்களில்தான் உற்றாரின் துணை மிகுதியும் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

2011இல் பிரையன் ஸ்காட்கோ என்னும் மருத்துவரின் குழு மூன்று ஆய்வுகளை வெளியிட்டது. 2,044 பெற்றோரில் 97 விழுக்காட்டினர் தம் பிள்ளையைக் குறித்துப் பெருமை கொள்வதாகவும், 79 விழுக்காட்டினர் வாழ்க்கையைப் பற்றிய தம் பார்வை மேம்பட்டதாகவும் கூறினர். 4 விழுக்காட்டினர் வருத்தம் தெரிவித்தனர். மூத்த சகோதர சகோதரியரில் 88 விழுக்காட்டினர் இவரால் தாம் சிறந்த மனிதரானதாகக் கூறினர். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, இந்நிலையுடைய 284 பேரிடம் நேரடியாகவே கேட்டபோது ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் வாழ்வில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

இவ்வெண்களை அளவறிந்தே ஏற்க வேண்டும். பதிலளித்தோர் உதவிச் சங்கங்களின் தொடர்பில் இருந்த குடும்பத்தார். தனித்துத் தவிப்போரின் குரல் இதில் முழுமையாகச் சேரவில்லை. சிரமமே இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை. இதயம், தைராய்டு, செவித்திறன் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஆயுள் நீண்டதால் மறதி நோயும் இவர்களை முன்னதாகவே நெருங்குகிறது. முதுமையடைந்த பெற்றோர், முதுமையை எட்டும் பிள்ளையைப் பராமரிக்கும் புதிய நிலையும் உருவாகியுள்ளது.

நமக்குரிய பொறுப்பு

குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களிடம் பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு நாடி வந்தபோது நேர்ந்த முகச்சுளிப்பைக் குறித்து ‘அபஸ’ அத்தியாயம் இறங்கியதை நாம் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். பின்னாளில் அத்தோழர் பாங்கு சொல்பவராகவும், நபியவர்கள் வெளியூர் செல்கையில் மதீனாவின் பொறுப்பை ஏற்பவராகவும் திகழ்ந்தார். அவரை அச்சமூகம் மறைத்து வைக்கவில்லை, பொறுப்பளித்து முன்னிறுத்தியது. நம் பிள்ளைகளுக்கும் மஸ்ஜிதின் ஸஃப்பில் ஓரிடமும், மதரஸாவில் ஓர் இருக்கையும், திருமண விருந்தில் ஓர் அழைப்பும் வேண்டும்.

‘எங்களுக்குப் பின் யார்?’ என்பதே பெற்றோரை உறங்கவிடாத கேள்வி. தம் பொருளைத் தாமே நிர்வகிக்க இயலாதோருக்கு அப்பொருளிலிருந்து உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் நயமாகப் பேசுமாறு ‘அன்னிஸா’ அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிக்கிறது. பொறுப்பாளரின் கடமையில் இனிய சொல்லும் அடங்கும் என்பது எத்துணை நுட்பமானது! இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவின் வழியாக அறிவுத்திறன் குறைபாடுடையோருக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றோர் நலமுடன் இருக்கும்போதே உடன்பிறந்தாருடன் அமர்ந்து பேசி இதனை முடிப்பது நலம்.

இனி அத்தகைய குழந்தை பிறந்த வீட்டுக்குச் செல்லும்போது, காரணம் தேடும் கேள்விகளை வாசலிலேயே விட்டுச் செல்வோம். குழந்தையைக் கையில் ஏந்துவோம்; பெயர் கேட்போம்; துஆச் செய்வோம்; மறுவாரமும் செல்வோம். அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைகளை அழகுற வளர்க்கும் ஆற்றலை அப்பெற்றோருக்கும், அவர்களுக்குத் துணைநிற்கும் உள்ளத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.