மூன்று வட்டங்களுக்குள் ஒரு மனை: கல்பாக்கம்–மாமல்லபுரம் கரையில் வீட்டு அனுமதி

அணுபுரத்தில் குடியிருப்பவர் வரைபட அனுமதிக்காக எந்த அலுவலகத்தின் படியும் ஏற வேண்டியதில்லை. அணுசக்தித் துறை கட்டி, துறையே பராமரிக்கும் ஊர் அது. கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவருக்கு அங்கே குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்படும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிக்கல் அந்தச் சாவியைக் கொடுத்த பிறகு தொடங்குகிறது. பி.எஃப். பணத்தோடு, பழகிய வட்டாரத்திலேயே மனை தேடுகிறார்கள்: திருக்கழுக்குன்றம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், வசதி இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம். பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் எல்லாம் சுத்தமாக இருக்கும். நிலம் யாருடையது என்பதை அவை சொல்லும். அந்த நிலத்தில் என்ன கட்டலாம், எதைக் கட்டவே கூடாது என்பதை அவற்றில் ஒன்றும் சொல்லாது.

வேறு ஊர்களில் இந்த மௌனம் பெரிய கேடில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கரையிலோ மூன்று மத்தியச் சட்ட ஏற்பாடுகள், மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து அளக்கத் தொடங்கி, ஒரே நிலத்தின்மீது மூன்று வட்டங்களைப் போடுகின்றன. ஒன்று கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து, மற்றொன்று பல்லவர் சின்னங்களின் எல்லையிலிருந்து, இன்னொன்று அணு உலையிலிருந்து. இந்த வட்டங்கள் தேவையற்றவை என்பது இக்கட்டுரையின் வாதமன்று. மனை வாங்குபவரிடம் அவற்றைப் பற்றி ஒன்று வாய் திறக்காமல் இருப்பது, அல்லது பத்திரப்பதிவையே நிறுத்திவிடுவது என்ற இரண்டே வழிகளை நிர்வாகம் அறிந்திருக்கிறது. இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே வாதம்.

முதலில் பொது வழி. அடிப்படைச் சட்டம் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதன் கீழும் உள்ளாட்சிச் சட்டங்களின் கீழும் சிதறிக் கிடந்த கட்டட விதிகளை 2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஒரே தொகுப்பாக்கின. பக்கவெளி எவ்வளவு விட வேண்டும், தளப்பரப்புக் குறியீடு எவ்வளவு, சாலை எவ்வளவு அகலம் என்பவையெல்லாம் அதில் உண்டு. 18.30 மீட்டருக்கு மேற்படாத கட்டடங்களுக்குக் குறியீடு பொதுவாக 2. 2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கியது: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஒற்றைச்சாளர இணையத்தில் உடனடி அனுமதி. கவுன்ட்டரில் காத்திருந்த காலத்தையும், காத்திருப்பைக் காசாக்கியவர்களின் பிழைப்பையும் இது குறைத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அனுமதி உறுதிமொழியின் பேரில் கிடைக்கிறது. விதிக்கு உட்பட்டே கட்டுகிறேன் என்று கையெழுத்திடுபவர் விண்ணப்பதாரர்தான். தன் மனை எந்த வட்டத்துக்குள் இருக்கிறது என்று தெரியாதவரும் அதே கையெழுத்தைத்தான் போடுகிறார். சரிபார்க்கும் பொறுப்பு அலுவலகத்திலிருந்து மேஜைக்கு இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. சரிபார்க்கத் தேவையான வரைபடம் கூடவே நகரவில்லை.

மாமல்லபுரத்தின் மரபுச் சின்னங்கள் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஊருக்குள் சட்டமாக நின்றது அதுவல்ல, 1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டமும் அதன்கீழ் 1992 ஜூன் 16-இல் வந்த அறிவிக்கையும்தான். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அளவு கோயில் சுவரிலிருந்து அன்று, பாதுகாக்கப்பட்ட பரப்பின் விளிம்பிலிருந்து தொடங்குகிறது. இந்த நுணுக்கத்தில் பல வீடுகள் மாட்டிக்கொள்கின்றன. தனித்து நிற்கும் ஒரு கோட்டையைச் சுற்றி இந்த வட்டத்தைப் போடுவது எளிது. மாமல்லபுரத்தில் மண்டபமும் குடைவரையும் பாறைச் சிற்பமும் தெருக்களுக்கும் சிற்பிகளின் பட்டறைகளுக்கும் நடுவே கிடக்கின்றன. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஊரின் பழைய பகுதியில் பெரும்பங்கை மூடிவிடுகின்றன.

முன்பு தொல்லியல் துறை ஒரு நிபுணர் குழு அமைத்து, தடைப்பகுதியிலும் ஆளுக்கேற்ப விலக்கு அளித்து வந்தது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. 2010-இல் சட்டம் திருத்தப்பட்டு, தேசிய நினைவுச்சின்ன ஆணையம் வந்தது. தடைப்பகுதியில் புதுக் கட்டுமானத்துக்குக் கதவு முற்றாகச் சாத்தப்பட்டது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும். மீறினால் இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மகனுக்குக் கல்யாணமானால் மேலே ஓர் அறை எழுப்புவது என்ற நம் ஊர் வழக்கம் அங்கே குற்றமாகிறது. இந்தச் சட்டத்தின் கடுமையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதன் எல்லையாவது தெளிவானது. 2015 முதல் இணையவழி விண்ணப்ப முறையும், இஸ்ரோ உதவியுடன் சின்னங்களைச் சுற்றிய மண்டலங்களின் வரைபடமும் இருக்கின்றன. வட்டத்தைக் கணினியில் காட்டுவது இயலாத காரியமன்று என்பதற்கு இதுவே சான்று.

கடலின் வட்டம் இவ்வளவு அசையாமல் நிற்காது. 1991-இல் முதல் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை வந்தது. 2011-இலும் 2019-இலும் புதியவை வந்தன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்ற வெளி எல்லை அப்படியே இருக்க, உள்ளே உள்ள கணக்குகள் மாறின. ஊரகக் கரையில் 200 மீட்டராக இருந்த வளர்ச்சி தவிர்ப்புப் பகுதி, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில், 2019 அறிவிக்கையால் 50 மீட்டராகச் சுருங்கியது. மாநிலத்தின் புதிய கடற்கரை மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெறும்வரை 2011-இன் விதியே செல்லும் என்றும் அதே அறிவிக்கை சொன்னது. ஆகவே ஒரு மனைக்கு எந்த ஆண்டின் விதி பொருந்தும் என்பதே ஒரு கேள்வியாகிவிட்டது. அதற்கும் மேலே, 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்பை ஆராயும் பொறுப்பு 2019-இல் உள்ளாட்சியிடமே தரப்பட்டது. உயர் அலைக் கோட்டைக் குறிக்கும் வேலைக்குச் சென்னையில் தேசிய மையம் ஒன்று இயங்குகிறது. அந்தக் கோட்டைப் புல எண்ணோடு பொருத்திப் பார்க்க ஊராட்சிச் செயலரிடம் என்ன இருக்கிறது?

பொருத்திப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேரளத்தின் மரடு காட்டியது. ஊராட்சி அனுமதி கொடுத்தது. கடற்கரை மேலாண்மை ஆணையத்தின் இசைவு இல்லை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது; 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பலரின் கையில் பத்திரம், வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் இருந்தன. உள்ளாட்சியின் முத்திரை மத்தியச் சட்டத்துக்குப் பதிலாகாது என்று அவர்கள் அறிந்தபோது வீடு இல்லை.

மூன்றாவது வட்டமே இந்த வட்டாரத்துக்கு உரியது. சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளும் 1980-களில் ஓடத் தொடங்கின. உலையைச் சுற்றி 1.6 கிலோமீட்டருக்குள் குடியிருப்பே கிடையாது. அதற்கு வெளியே 5 கிலோமீட்டர் வரை, அவசரகாலத்தில் மக்களை வெளியேற்ற முடியும் அளவுக்கு மட்டுமே ஊர் வளரலாம். 16 கிலோமீட்டர் வரை அவசரத் திட்டப் பகுதி. ஐந்து கிலோமீட்டர் வளையத்தை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘இயற்கை வளர்ச்சிப் பகுதி’ என்கிறது. பிறப்பால் வரும் பெருக்கத்தை ஏற்கலாம், வேலைவாய்ப்பும் மனை வியாபாரமும் கூட்டும் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது கருத்து.

காகிதத்தில் நியாயமாகத் தெரியும் இந்தப் பிரிவு தெருவில் கலைந்துவிடுகிறது. உள்ளூர்க்காரரின் மகன் தாத்தா மனையில் கட்டும் வீடு இயற்கை வளர்ச்சி. மகளின் படிப்புச் செலவுக்காக அதே மனையில் பாதியை விற்றால், வாங்கியவர் கட்டும் வீடு எந்தக் கணக்கு? உலையில் வேலை பார்க்க வந்து, குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் புதுப்பட்டினத்தில் வாடகைக்கு இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி? அந்த ஊர்களின் வளர்ச்சிக்கு முதல் காரணம் உலையே. இதை முடிவு செய்ய ஒரு தனித் திட்டக் குழுமம் உண்டு. ஊரில் அதை ‘நிலா கமிட்டி’ என்பார்கள். பத்திரப்பதிவே கட்டுப்படுத்தப்பட்டபோது சுற்றுக் கிராமங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததில் வியப்பில்லை. கட்டுவதை ஒழுங்குபடுத்த வந்த விதி, விற்பதையும் பாகம் பிரிப்பதையும் தடுக்கும் விதியாக மாறும்போது, பாதுகாப்பின் செலவை உலையின் மின்சாரத்தால் பயன்பெறும் மாநிலம் முழுவதற்கும் பதிலாகச் சில கிராமங்களே ஏற்கின்றன.

விற்பனையை நிறுத்தாமல், கட்டுப்பாட்டை வாங்குபவருக்கு எழுத்தில் முன்கூட்டியே சொல்லிவிடும் மூன்றாவது வழி உலகத்துக்குப் புதிதன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், நிலத்துக்குப் பொருந்தும் கட்டுப்பாடுகளைக் காட்டும் திட்டச் சான்று விற்பனை ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டே ஆக வேண்டும். இங்கிலாந்தில் வாங்குபவரின் வழக்கறிஞர் உள்ளூர் நிலப் பொறுப்புப் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது வழக்கம். இரண்டு இடத்திலும் விற்பனை நிற்பதில்லை. தெரிந்து வாங்குகிறார்கள், விலையும் அதற்கேற்ப அமைகிறது.

இதை எதிர்ப்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. கோடு மாறிக்கொண்டே இருக்கும், பட்டாவில் எப்படி எழுதுவது என்பது ஒன்று. பட்டாவில் எழுத வேண்டாம். வில்லங்கச் சான்றைப் போல, கேட்கும் நாளன்று உள்ள நிலையைத் தேதியிட்டுக் கொடுத்தால் போதும். எழுதினால் மனை விலை விழும் என்பது மற்றொன்று, இதுவே வெளியே சொல்லப்படாத உண்மையான காரணமும்கூட. விழத்தான் செய்யும். ஆனால் இன்றைய விலையில் ஒரு பகுதி, வாங்குபவரின் அறியாமைக்கு அவரே கொடுக்கும் விலை.

தமிழ்நாட்டுப் பதிவுத்துறைக்கு இந்த வேலை அந்நியமன்று. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்ததிலிருந்து, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா என்று சார்பதிவாளர் பார்க்கிறார். 2017-இல் வரன்முறை விதிகள் வந்தபின் லட்சக்கணக்கானோர் அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். ‘அப்ரூவ்டு மனை’ என்பது விளம்பரப் பலகையிலேயே ஏறிவிட்டது. கோயில் நிலத்தையும் புறம்போக்கையும் புல எண்ணை வைத்தே பதிவு மென்பொருள் மறிக்கிறது. மறிக்கத் தெரிந்த அந்த மென்பொருளில், திருக்கழுக்குன்றம் தாலுகாவின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், சின்னத்தின் எல்லையிலிருந்து எத்தனை மீட்டர், உயர் அலைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்ற மூன்று வரிகளைச் சேர்க்கலாம். வில்லங்கச் சான்றின் கடைசிப் பக்கத்தில் அவற்றை அச்சிட, பதிவுத்துறையும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் சேர்ந்து இடும் ஓர் அரசாணை தேவை.