கதவுக் கயிறு யார் கையில்?



நம் பிளாக் வாசலில் இருக்கும் எண் பலகையைத் தினமும் கடந்து போகிறீர்கள். வந்தவர் ஃபிளாட் எண்ணை அழுத்துகிறார். உங்கள் கைபேசி ஒலிக்கிறது. "யாரு?" என்று கேட்டுவிட்டு 9-ஐ அழுத்துகிறீர்கள், கதவு திறக்கிறது. இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் 150 வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடிப் படித்தேன். படிக்கத் தூண்டிய காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டு பாரிஸ் நகரத்தில் அடுக்கு வீடுகளின் வாசலில் ஒரு காவலாளி குடும்பத்தோடு குடியிருப்பார். அவருக்குப் பெயர் கான்சியர்ஜ். இரவில் நேரம் கழித்து வரும் குடித்தனக்காரர் "கயிறு, தயவு செய்து!" என்று குரல் கொடுப்பார். கான்சியர்ஜ் படுக்கையில் இருந்தபடியே ஒரு கயிற்றை இழுப்பார், தெருக்கதவு திறக்கும். இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்கும் வசதி அன்றே வந்துவிட்டது. ஆனால் கயிறு அவர் கையில். யார் எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு வந்தார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. போலீசும் அவரிடம்தான் விசாரிக்கும்.

இந்த ஏற்பாடு கடல் தாண்டி நியூயார்க் போனது. பாரிஸில் படித்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட், 1870 வாக்கில் அங்கே ஸ்டைவெசன்ட் அபார்ட்மெண்ட்ஸ் கட்டியபோது கான்சியர்ஜுக்கும் இடம் வைத்தார். வசதியானவர்களுக்கு அது சரி. சாதாரணக் கட்டடங்களில் காவலாளிக்குச் சம்பளம் யார் கொடுப்பது? அங்கே வாசலிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழாய் போட்டார்கள். கீழே நிற்பவர் ஊதினால் மேலே விசில் கேட்கும். வீட்டுக்காரர் விசிலைக் கழற்றிவிட்டு அதே குழாயில் பேசுவார்.

பிறகு மின்சாரம் வந்தது. கதவு நிலையில் தாழ் விழும் குழியின் ஒரு பக்கத்தை அசையும்படி செய்தார்கள். மேலே பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கத்தின் பிடி விடும், வந்தவர் தள்ளினால் கதவு திறக்கும். அப்போது வரும் 'ஸ்ஸ்ர்ர்' சத்தத்துக்குக் காரணம் மாறுமின்னோட்டம். அது காந்தச் சுருளை அதிர வைக்கிறது. பாட்டரியின் நேர்மின்னோட்டத்தில் 'டக்' என்று ஒரே சத்தத்தோடு முடிந்துவிடும். எப்படியோ, கயிறு காவலாளி கையிலிருந்து வீட்டுக்காரர் கைக்கு வந்துவிட்டது.

அடுத்த திருப்பம் 1963 நவம்பரில். அமெரிக்காவில் பெல் நிறுவனம் சுழற்றும் டயலுக்குப் பதில் பொத்தான் வைத்த தொலைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும். 9-க்கு 852, 1477 ஹெர்ட்ஸ். ஏன் இரண்டு? ஒன்றாக இருந்தால் பேச்சுக்குரலே தற்செயலாக அந்த ஒலியில் அமைந்துவிடலாம். இந்த ஜோடியைக் குரலால் அவ்வளவு எளிதில் எழுப்ப முடியாது. தொலைபேசி வழியாகக் கதவுக்கு உத்தரவு போட வழி பிறந்தது. வாசலில் உள்ள பெட்டி உங்களை அழைக்கும். 9-இன் ஒலி ஜோடி கேட்டதும் உள்ளே ஒரு ரிலே இயங்கி, பூட்டு சில விநாடிகள் திறக்கும். அமெரிக்காவில் பல இடங்களில் ஃபிளாட் எண்ணை அழுத்த விடமாட்டார்கள். தனியாக ஒரு குறியீட்டு எண் கொடுப்பார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது வாசலில் நிற்பவருக்குத் தெரியக்கூடாதாம்!

வந்தவர் முகத்தைப் பார்க்கும் வசதியை யோசித்தவர் ஒரு நர்ஸ். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசித்த மேரி வான் பிரிட்டன் பிரௌன். வேளை கெட்ட வேளையில் வேலை, கூப்பிட்டால் போலீஸ் வரத் தாமதம். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து 1966-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் நான்கு துளைகள், அவற்றின் பின்னே நகரும் கேமரா, படுக்கையறையில் டிவி, பேச மைக், இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான், ஆபத்துக்கு அலாரம். இன்றைய வீடியோ டோர் போன் வேறென்ன?

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன். போன வருடம் ஓர் இரவு என் மனைவிக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரோடு பிளாக் கதவுக்கு வந்து எங்கள் ஃபிளாட் எண்ணை அழுத்தினார்கள். என் போன் ஒலிக்கவே இல்லை. பட்டியலில் இருந்தது என் மகன் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண். அது இப்போது யாரோ ஒருவரிடம். அவர் பாதித் தூக்கத்தில் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை இறங்கிப் போய்த் திறக்கும்வரை சில நிமிடங்கள். மனைவி இப்போது நலம். ஆனால் நினைத்துப் பாருங்கள்: அந்த முகம் தெரியாத மனிதர் 9-ஐ அழுத்தியிருந்தால், நம் கதவு திறந்திருக்கும். ஒரு வருடமாக நம் எல்லோருடைய கயிற்றின் ஒரு நுனி அவர் கையில் இருந்திருக்கிறது. கொடுத்தது நான்.

வங்கியில் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று தலைமைக் காசாளரான என்னிடம். லீவு, மாற்றல் எதுவானாலும் சாவிப் பதிவேட்டில் கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் கையெழுத்துப் போடாமல் சாவி கை மாறாது. அத்தனை வருடம் அதைச் செய்தவன், சொந்த வீட்டு எண்ணை மாற்ற மறந்தேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை யாரையாவது கீழே அனுப்பி உங்கள் ஃபிளாட் எண்ணை அழுத்தச் சொல்லுங்கள். உங்கள் போன்தான் ஒலிக்கிறதா என்று பாருங்கள். குடித்தனக்காரர் காலி செய்தால், சாவியை வாங்கும் அன்றே அவர் எண்ணையும் நீக்கச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

நானும் பார்த்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில்தான் மணி அடிக்கிறது.